தலையிடியை மறைத்த புவியியல் ஆசிரியர்: வாசகர் கேள்வி பதில்

கடந்த இதழில், எவரெஸ்ட் அடிவார முகாமை நோக்கி நான் மேற்கொண்ட இரண்டு நடைப்பயணங்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். முதற் பயணம் 4,410 மீற்றர் உயரத்திலுள்ள டிங்போச்சே என்ற ஊரில் முறிந்துபோனது என்றும், இரண்டு வருடங்களின் பின்னர் மீண்டும் சென்று 5,364 மீற்றரிலுள்ள முகாமைத் தொட்டுத் திரும்பினேன் என்றும் அதில் கூறியிருந்தேன். கைகூடிய பயணத்தைப் பற்றி ஒருவர்தானும் கேட்கவில்லை. வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை முறிந்த பயணத்தைப் பற்றியே கேட்கின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் முப்பது வருடம் புவியியல் கற்பித்தவன், வைத்தியன் அல்லன். ஆகவே மருந்து தொடர்பாக நான் கூறுபவற்றை உங்கள் வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருடங்களாகக் கதிர்காமப் பாதயாத்திரை போகிறேன். உகந்தையிலிருந்து காட்டுவழியே வெறுங்காலுடன் நடந்து பழகிய எனக்கு இமயமலை நடை கடினமாக இருக்குமா? நல்ல உடல்வலு உள்ள தாங்களே எவ்வாறு நோயுற்றீர்கள், ஐயா?
வங்கி உத்தியோகத்தர், திருக்கோவில்

உங்கள் கால்களைப் பற்றி எனக்கு ஐயமில்லை. குமணையைக் கடந்து, கும்புக்கன் ஆற்றில் இறங்கி ஏறி, யால காட்டின் வெயிலிலும் முள்ளிலும் நடந்து மாணிக்க கங்கையை அடைந்த கால்கள், நேபாளத்தின் லுக்லா என்ற ஊரிலிருந்து தொடங்கும் எவரெஸ்ட் கற்பாதையில் இளைஞர் பலரைப் பின்தள்ளிவிடும். ஆனால் அந்த வழி முழுவதும் கடல்மட்டத்தை ஒட்டியே செல்கிறது. உயரத்தில் முதலில் சோதிக்கப்படுவது கால் அன்று, மூச்சும் இரத்தமும்.

மேலே சென்றால் காற்றில் ஒட்சிசன் குறைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். காற்றில் ஒட்சிசனின் பங்கு கல்லடிக் கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஒரே அளவுதான், ஏறத்தாழ 21 வீதம். குறைவது அமுக்கம். நாம் இழுக்கும் ஒரு மூச்சை ஒரு கொத்து அரிசி என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் அந்தக் கொத்து தலைதட்டி நிரம்புகிறது. 3,440 மீற்றரிலுள்ள நாம்சே பசாரில் அதே கொத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மணிகளே விழுகின்றன. 5,500 மீற்றரில் பாதிதான். கொத்து சிறுத்துவிடவில்லை, நெஞ்சும் வழமைபோலவே விரிகிறது, ஆனால் உலைக்கு வேண்டிய அரிசி வந்து சேரவில்லை.

இதற்கு உடல் மூன்று வகையில் விடை தேடுகிறது. மூச்சு உடனடியாக விரைவுபடுகிறது. அவ்வாறு விரைவாக மூச்சு விடும்போது காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுவதால், அதைச் சமப்படுத்தும் வேலையைச் சிறுநீரகங்கள் ஏற்கின்றன. அதற்குச் சில நாட்கள் செல்லும். செங்குருதிக் கலங்கள் போதிய அளவு பெருகுவதற்கோ வாரக்கணக்காகும். இவற்றில் எதையும் உடற்பயிற்சியால் முற்கூட்டிச் செய்துவைக்க முடியாது. நாள் கொடுத்தால் உடல் பழகும், கொடுக்காவிட்டால் பழகாது. ஓட்டவீரரும் பீடி புகைக்கும் கிழவரும் ஒரே விடுதியில் தங்கி, ஓட்டவீரர் மட்டும் சத்தியெடுத்துக் கிடந்ததை நான் கண்ணாற் கண்டேன். வலுவுள்ளவர் விரைவாக நடப்பார், விரைவாக நடப்பவர் உடல் பழகுவதற்கு முன்னரே மேலே போய்ச் சேர்ந்துவிடுவார்.

பாதயாத்திரைக்காரரிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தவறாக எண்ண வேண்டாம். கால் வெடித்தாலும் முகம் சுளிக்காமல் நடப்பது நேர்த்திக்கடனின் ஒரு பகுதி என்றே நாம் பழகியிருக்கிறோம். வலியை வெளியே சொல்லாத அந்தப் பழக்கம்தான் மலையில் என்னை வீழ்த்தியது.

டிங்போச்சேயில் உண்மையில் என்ன நடந்தது? சென்ற இதழில் அதை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள்.
வாசகி, களுவாஞ்சிகுடி

இரண்டு வரியில் முடித்ததற்குக் காரணம் வெட்கம். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

அது ஓர் ஒக்டோபர் மாதம். பயண முகவர் ஒருவர் தயாரித்துத் தந்த நாள்நிரலில் நாம்சே பசாரில் ஒரே ஓர் இரவுதான் இருந்தது. அங்கே இரண்டு இரவுகள் தங்குவதே வழக்கம் என்பதை நான் வாசித்திருந்தேன். ஒரு நாள் குறைந்தால் செலவும் குறையும் என்று எண்ணி வாயை மூடிக்கொண்டேன். உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறைவதைக் காட்டும் வளைகோட்டை எத்தனையோ வருடம் கரும்பலகையில் வரைந்த கை இது என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

லுக்லா 2,860 மீற்றரில் இருக்கிறது. அங்கு விமானத்தில் இறங்கிய அன்று சற்றுக் கீழே பாக்டிங்கிலும் மறுநாள் நாம்சேயிலும் தங்கினோம். அதற்கு அடுத்த நாள் 3,867 மீற்றரிலுள்ள தெங்போச்சே மடாலயத்தை அடைந்தபோது, நெற்றியைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல ஒரு தலையிடி தொடங்கியது. இரண்டு பனடோல் விழுங்கினேன். காலையில் வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் தலையிடி இருக்கிறதா, இரவு உறங்கினீர்களா, உணவு இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தார். குழுவில் மூத்தவன் நான்; என்னால் இளைஞரின் நடை தடைப்படக் கூடாது என்ற வீம்பு வேறு. நன்றாக இருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

அன்று டிங்போச்சே வரையான நடை எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பாங்போச்சேயைக் கடந்தபின் மரங்கள் மறைந்து புதர்கள் மட்டும் நின்றன. அமா தப்லாம் சிகரம் வலப்பக்கமாக எழுந்து நின்றது. அதைப் பார்க்கவே இமயத்துக்கு வந்தவன் நான், தலையை நிமிர்த்த மனமில்லாமல் சப்பாத்து நுனியைப் பார்த்தபடி நடந்தேன். விடுதியில் வைத்த பருப்பும் சோறும் மணந்ததும் குமட்டியது. இடக்கைக் கையுறையை வலக்கையில் மாட்ட நெடுநேரம் முயன்றதாகப் பின்னர் தோழர்கள் கூறினார்கள். இரண்டு முறை சத்தியெடுத்தேன்.

வழிகாட்டி என்னை எழுப்பி, தரைப் பலகைகள் இரண்டு சேரும் கோட்டின் மீது, ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் சுவரைப் பிடித்தேன். சப்பாத்து பெரிது என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனது பையைக் கட்டி முடித்துவிட்டு, "கம்பளியைப் போடுங்கள், இறங்குகிறோம்" என்று மட்டும் சொன்னார். காலையில் இறங்கலாமே என்று கெஞ்சினேன். அவர் பதில் சொல்லாமல் தலைவிளக்கை என் நெற்றியில் மாட்டினார்.

தலையிடியும் குமட்டலும் மட்டும் இருந்தால் அது சாதாரண மலைநோய். அதே உயரத்தில் ஓய்ந்திருந்தாலே பெரும்பாலும் தணிந்துவிடும். நடை தள்ளாடுவதும் அறிவு தடுமாறுவதும் மூளை வீங்கத் தொடங்கியதன் அடையாளங்கள். அதைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்தால் சிலவேளை விடியாமலே போகலாம். ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு இளைப்பதும், இருமலுடன் நுரைச்சளி வருவதும் நுரையீரலில் நீர் கோக்கிறது என்பதற்கு அடையாளம்; அதற்கும் உடனே இறங்குவதே முதல் வைத்தியம்.

சுமைதூக்கும் இளைஞர் ஒருவர் முன்னும் வழிகாட்டி பின்னுமாக, இருட்டில் மூன்று மணித்தியாலம் இறங்கி 3,985 மீற்றரிலுள்ள பாங்போச்சேயை அடைந்தோம். இறங்கிய உயரம் 425 மீற்றர்தான், ஆனால் பனடோலால் இரண்டு நாளாக முடியாமற்போனதை அந்த 425 மீற்றர் ஒரே இரவில் செய்தது. விடிந்தபோது தலை தெளிந்திருந்தது. மறுநாள் நாம்சேயில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். தோழர்கள் மேலே போய்விட்டார்கள்.

இரண்டாம் முறை நாள்நிரலை நானே எழுதினேன். 3,000 மீற்றருக்கு மேலே, இன்று உறங்கும் இடம் நேற்று உறங்கிய இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதே மலை வைத்தியர்களின் பொது விதி. பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவில் இறங்கி உறங்கலாம். நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போச்சேயில் இரண்டு இரவு என்று தங்கி, இடைப்பட்ட பகலில் அருகிலுள்ள மேடுகளில் ஏறி இறங்கினேன். டிங்போச்சேக்கு அடுத்த பள்ளத்தாக்கில் பெரிச்சே என்ற ஊர் இருக்கிறது. அங்கு இமாலய மீட்புச் சங்கம் 1973 முதல் நடத்தும் சிறு வைத்திய நிலையத்தில், பருவகாலங்களில் தொண்டர் வைத்தியர்கள் பிற்பகல் வேளையில் மலைநோய் பற்றிப் பாடம் நடத்துவார்கள். அங்கே மாணவனாக வாங்கில் அமர்ந்து கேட்டேன். 4,940 மீற்றரிலுள்ள லொபுச்சேயில் மீண்டும் தலையிடித்தது. இம்முறை வழிகாட்டி கேட்பதற்கு முன்னரே சொன்னேன்; அங்கேயே மேலும் ஓர் இரவு தங்கினோம், தணிந்துவிட்டது.

உயர மலையில் நோய் வருவதன் காரணத்தை முதலில் கண்டறிந்தவர் யார்?
உயர்தர மாணவன், கல்முனை

நோயை அறிந்தவர்கள் மிகப் பழையவர்கள். சீனாவின் ஹான் அரசவை வரலாற்றில், மேற்கு நோக்கிய வணிக வழியிலுள்ள இரண்டு மலைகளுக்குப் பெருந்தலையிடி மலை, சிறுதலையிடி மலை என்ற பெயர்கள் உள்ளன. இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயரை நான் கண்டதில்லை. தென்னமெரிக்க அந்தீஸ் மலையில் தமக்கு ஏற்பட்ட குமட்டலையும் சோர்வையும் ஸ்பானியப் பாதிரியார் ஹொசே டி அகொஸ்தா 1590 இல் வெளியான நூலில் விவரித்து, அங்குள்ள காற்று மனிதருக்கு ஒவ்வாத அளவு மெல்லியது என்று ஊகித்தார். அமுக்கம் குறைவதால் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைவதே காரணம் என்பதைப் பரிசோதனைகளால் நிறுவியவர் பிரெஞ்சு உடலியலாளர் போல் பேர்ட். அவரது முடிவுகள் 1878 இல் வெளிவந்தன. திபெத்தியருக்கும் ஷெர்ப்பாக்களுக்கும் இது ஏன் அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள். தலைமுறை தலைமுறையாக இமயத்தின் உயரங்களில் வாழ்ந்த அவர்களது மரபணுவிலேயே மாற்றம் உண்டு. ஒட்சிசன் குறையும்போது உடல் நடந்துகொள்ளும் விதத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு மரபணு அவர்களிடம் வேறு வடிவில் இருக்கிறது.

டயமொக்ஸ் குளிசை போட்டுக்கொண்டு ஏறினால் ஓய்வுநாட்கள் தேவையில்லை என்று ஒரு நண்பர் கூறுகிறார். ஒட்சிசன் அடைத்த சிறு தகரக் குப்பியும் கொண்டுபோக வேண்டுமா?
அரச உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள். அசெற்றசோலமைட் என்ற அந்த மருந்து, சிறுநீரகங்கள் நாட்கணக்கில் செய்யும் வேலையை விரைவுபடுத்துகிறது. அதாவது அது உடல் பழகுவதற்குத் துணைசெய்கிறது, பழகத் தேவையான இரவுகளை இல்லாமற் செய்துவிடுவதில்லை. வளர்ந்தவருக்குத் தடுப்பு மருந்தாக வழமையில் 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கிக் கொடுக்கப்படுகிறது. சல்பா வகை மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விரல்நுனிகளும் உதடும் விறுவிறுக்கும், இரவில் பலமுறை எழும்ப நேரும், சோடா குடித்தால் அது தண்ணீர்போலச் சப்பென்றிருக்கும். மருந்து நின்றதும் இவை நீங்கிவிடும். இந்த மருந்து போட்டிருக்கும்போது தலையிடி வந்தாலும் மேலே ஏறக் கூடாது என்ற விதி மாறாது.

தகரக் குப்பியில் சில நிமிட மூச்சுக்கு மேல் இல்லை. அதன் விலைக்கு ஒரு நல்ல கம்பளிக் காலுறை வாங்கலாம்.

விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவியைப் பற்றி வேறு மூவர் கேட்டிருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் வாங்கியது வீட்டில் கிடந்தால் கொண்டுபோங்கள், ஆனால் அதனிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். 5,164 மீற்றரிலுள்ள கோரக் ஷெப்பில் எனக்கு 78 காட்டியது. ஊரில் அந்த எண்ணைக் கண்டிருந்தால் அம்புலன்ஸ் வந்திருக்கும். அங்கே நான் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். குளிர்ந்த விரலில் அக்கருவி பொய்யும் சொல்லும்.

அங்கே ஹலால் உணவு கிடைக்குமா? தொழுகைக்கு என்ன வழி?
வாசகர், சம்மாந்துறை

எவரெஸ்ட் வழி செல்லும் கும்புப் பள்ளத்தாக்கைப் புனித பூமியாகக் கருதும் ஷெர்ப்பாக்கள் அங்கே உயிர்ப்பலியை அனுமதிப்பதில்லை. ஆகவே தட்டில் வரும் இறைச்சி எல்லாம் கீழேயுள்ள ஊர்களிலிருந்து நாட்கணக்கில் முதுகிலும் மாட்டிலும் சுமந்து வந்தது. எந்தச் சமயத்தவரும் அதைத் தவிர்ப்பதே வயிற்றுக்கு நல்லது. நான் மச்சம் உண்பவன், ஆயினும் இரண்டாம் பயணத்தின் பன்னிரண்டு நாட்களும் பருப்பும் சோறும் உருளைக்கிழங்கும் முட்டையுமே உண்டேன். பருப்புச்சோறு கேட்டால் இரண்டாம் முறையும் இலவசமாக வைப்பார்கள் என்பது நம் ஊர் வயிற்றுக்குப் பெரிய ஆறுதல். 4,400 மீற்றரில் நீர் ஏறக்குறைய 85 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அமுக்கச் சட்டி இல்லாமல் அரிசி வேகாது. மேலே செல்லச் செல்லச் சமையலறையில் விசில் சத்தம் கூடும்.

தொழுவதற்கு விடுதிகளின் உணவுக்கூடத்தில் ஒரு மூலையை மகிழ்ச்சியோடு ஒதுக்கித் தருவார்கள். தொழும் திசையான கிப்லா நம் ஊரில் மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அங்கே ஏறக்குறைய நேர் மேற்கு. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூவுக்குச் சுடுநீர் காசுக்குத்தான் கிடைக்கும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் இரண்டு தோழிகளுடன் நேபாளம் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அனுப்பலாமா? பெண்பிள்ளைகளுக்கு இது ஏற்றதா?
தாய், வாழைச்சேனை

அம்மா, எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலிற் கால்வைத்த இலங்கையர் ஒரு பெண். ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21 ஆம் திகதி உச்சியை அடைந்தார். மலைநோய் வருவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது.

உங்கள் உண்மையான அச்சம் வேறு என்பது புரிகிறது. மூவரும் சேர்ந்து ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு செல்லட்டும். நேபாளத்தில் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டியின்றி மலைநடை செல்லக் கூடாது என்று விதி வந்தது. எவரெஸ்ட் பக்கத்தில் அது இறுக்கமாக நடைமுறையில் இல்லை என்றாலும் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல வேண்டாம். சார்க் நாட்டவர் என்பதால் வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தைக் காப்புறுதியில் போடச் சொல்லுங்கள். சாதாரண பயணக் காப்புறுதி பெரும்பாலும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே செல்லாது; 6,000 மீற்றர் வரையான மலைநடையும் ஹெலிகொப்டர் மீட்பும் அடங்கும் என்று பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். முகவர் வாயாற் சொன்னால் போதாது. யாருக்காவது சுகமில்லையென்றால் மூவரும் ஒன்றாக இறங்குவோம் என்று புறப்படும் முன்னரே பேசிவைக்கச் சொல்லுங்கள். மேலே போனபின் அதைப் பேசினால், என் தோழர்களைப்போல ஆளுக்கொரு திசையில் பிரிய நேரும். அதற்காக அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களும் காசு கட்டித்தான் வந்தார்கள்.

அறுபத்தெட்டு வயதான எனது தந்தை, நீரிழிவு உள்ளவர், கயிலாய யாத்திரை போக வேண்டும் என்கிறார். பேருந்திலேயே போகலாமாமே?
மகன், கொக்கட்டிச்சோலை

பேருந்திலேயே போகலாம் என்பதுதான் ஆபத்து. எவரெஸ்ட் வழியில் நடக்கும் கால்கள் நம்மைத் தாமதப்படுத்திக் காப்பாற்றுகின்றன. கயிலை வழியில் வாகனமும் ஹெலிகொப்டரும் ஓரிரு நாளில் நம்மை மேட்டுநிலத்தில் இறக்கிவிடுகின்றன. மானசரோவர் ஏரியே ஏறக்குறைய 4,590 மீற்றரில் இருக்கிறது. அங்கே இரவு தங்குவதற்கு முன் 3,000 மீற்றருக்கும் 4,000 மீற்றருக்கும் இடையில் எத்தனை இரவு கழிகிறது என்பதையே யாத்திரை நடத்துபவரிடம் முதலிற் கேளுங்கள். அவர் உணவைப் பற்றியும் தங்குமிடத்தைப் பற்றியும் பேச்சை மாற்றினால் வேறு ஒருவரைத் தேடுங்கள். கயிலையை வலம்வரும் 52 கிலோமீற்றர் நடையில் டோல்மா கணவாய் 5,630 மீற்றர். உங்கள் தந்தையார் ஏரியில் வணங்கி, மலையைத் தூரத்திலிருந்து தரிசித்துத் திரும்புவதே தகும் என்பது என் கருத்து.

நீரிழிவு உள்ளவர் போகவே கூடாது என்பதில்லை. ஆனால் குளிரில் இன்சுலின் உறைந்தால் பயன்படாது, அதை உடலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். சீனி அளக்கும் கருவி குளிரிலும் உயரத்திலும் தவறாகக் காட்டக்கூடும். மலைநோயின் தலைச்சுற்றும் சீனி குறைந்த தலைச்சுற்றும் ஒன்றுபோலவே இருக்கும். இருதயப் பரிசோதனை செய்யாமல் முற்பணம் கட்டாதீர்கள்.

தந்தையார் மனம் வருந்தினால் அப்பரடிகளை நினைவூட்டுங்கள். கயிலை காணப் புறப்பட்டு, பாதம் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் ஊர்ந்து, உருண்டும் போன அவரை இறைவன் தடுத்து, அங்குள்ள பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழுப்பிக் கயிலைக் காட்சியைக் கொடுத்தான் என்பதல்லவா நம் மரபு. இரவோடு இரவாகப் பாங்போச்சேக்கு இறக்கப்பட்ட எனக்கு அந்தக் கதையில் ஒரு தனிப்பட்ட பற்று உண்டு.

இரவில் மூச்சு நின்று நின்று வந்ததாக எழுதியிருந்தீர்கள். அது ஆபத்தில்லையா?
ஓய்வுபெற்ற தாதி, ஆரையம்பதி

பார்ப்பவருக்கு அச்சமூட்டும், எனது அறைத்தோழர் முதல்நாள் இரவில் என்னை இருமுறை உலுப்பி எழுப்பினார். உறக்கத்தில் மூச்சு ஆழமாகி, பின் மெலிந்து, சில வினாடி நின்று, திடீரென ஒரு பெருமூச்சுடன் தொடங்கும். உயரத்தில் உறங்கும் நலமான மனிதருக்கும் இது வரும். ஒட்சிசன் குறைவு மூச்சைத் தூண்டுகிறது, அதனால் காபனீரொட்சைட்டு குறைந்ததும் மூளை மூச்சை நிறுத்திப் பார்க்கிறது. இந்த இழுபறி இரவு முழுவதும் நடக்கும். உறக்கம் கெடும், வேறு தீங்கில்லை. உறக்கம் வரவில்லை என்று உறக்கக் குளிசையோ சாராயமோ எடுப்பதுதான் தீங்கு. இரண்டும் மூச்சை மேலும் மந்தமாக்கும்.

மட்டக்களப்பு முழுவதும் மட்டமான தரை. இங்கிருந்துகொண்டு எப்படிப் பயிற்சி எடுப்பது?
இளைஞர், செங்கலடி

இலங்கையில் எங்கு ஏறினாலும் உயரத்துக்கு உடலைப் பழக்க முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்வோம். நமது மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர்; லுக்லா விமான நிலையத்துக்கு அது கீழே. மலைநோய் பொதுவாகத் தொடங்குவதும் ஏறத்தாழ 2,500 மீற்றரிலிருந்துதான். ஆகவே இங்கே பழக்க வேண்டியது தொடை, முழங்கால், சப்பாத்து ஆகிய மூன்றையுமே.

ஆறு மாதத்துக்கு முன் தொடங்குங்கள். கல்லடி, பாசிக்குடா போன்ற இடங்களில் ஈரமற்ற மணலில், காலையில் ஒரு மணித்தியாலம் நடப்பது ஏற்றத்துக்கு ஒத்த வேலையைக் காலுக்குத் தரும். முதுகுப்பையில் அரிசி நிரப்பி, ஐந்து கிலோவில் தொடங்கி எட்டுக் கிலோ வரை ஏற்றுங்கள். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளில் ஏறி இறங்குங்கள். நான் பாடசாலைக் கட்டடத்தில் ஏறி இறங்கியபோது காவலாளி எனக்குக் கடன்தொல்லை என்று எண்ணினார். ஓய்வுநாளில் குடும்பிமலைப் பக்கம் போகலாம். உயரம் பெரிதில்லை, வெயில் பெரிது, தண்ணீர் கொண்டுபோங்கள்.

அடுத்து மலைநாடு. டிசம்பர் முதல் மே வரையான யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறுங்கள். உச்சி 2,243 மீற்றர், ஓரிரவில் ஏறக்குறைய 1,000 மீற்றர் ஏறி அதே அளவு இறங்க வேண்டியிருப்பதால் இமயத்தின் ஒருநாள் நடைக்கு அதைவிட நல்ல ஒத்திகை நம் நாட்டில் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து 2,388 மீற்றர் உயரக் கிரிகல்பொத்தவுக்குச் செல்லும் நீண்ட பாதையும் நல்லது. ஜனவரி, பெப்ரவரியில் சென்றால் புல்லில் உறைபனியையும் பார்க்கலாம், உங்கள் குளிராடை போதுமா என்பதும் தெரிந்துவிடும். 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வீதம் வெப்பம் குறையும் என்று கணக்குப் போட்டால் மேலே என்ன காத்திருக்கிறது என்பது விளங்கும்.

சப்பாத்தைக் காத்மாண்டுவில் வாங்கலாம் என்று எண்ணாதீர்கள். இங்கேயே ஓர் அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறையுடன் நூறு கிலோமீற்றராவது நடந்து பழக்குங்கள். ஏறும்போது எல்லாச் சப்பாத்தும் நல்ல சப்பாத்துத்தான்; இறங்கும்போதே பெருவிரல் முன்னே இடித்து நகம் கறுக்கும். புறப்படுவதற்கு முதல்நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சிவனொளிபாதமலையிலிருந்து இறங்கிய மறுநாள், ஹட்டன் புகையிரத நிலையப் படிகளில் நீங்கள் பக்கவாட்டாக நண்டுபோல இறங்க நேர்ந்தால், விமானச்சீட்டு எடுப்பதை இன்னும் இரண்டு மாதம் ஒத்திவைத்து மணலுக்குத் திரும்புங்கள்.